வராதென்று சொன்ன தண்ணி

எங்கள் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவன் "இங்க தண்ணி வருமா?" என்று கேட்டால், "வராதுங்க" என்றுதான் சொல்லுவோம். முழங்கால் தண்ணியில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாலும் அதைத்தான் சொல்லுவோம். வரும் என்று சொல்லிவிட்டால், கொல்லையைக் கழனி என்று எழுதி நிலத்தீர்வையை ஏற்றிவிட்டுப் போய்விடுவான். கொல்லை என்றால் வானம் பார்த்த நிலம். கழனி என்றால் ஏரித் தண்ணி பாய்கிற நிலம். காகிதத்தில் கொல்லையாகவும் காலுக்குக் கீழே கழனியாகவும் இருந்த நிலம் எங்கள் ஊரில் நிறைய. இது பொய் என்று யாருக்கும் தோன்றினதில்லை. பெரிய மனுஷரைக் கண்டால் கும்பிடு போடுகிற மாதிரி அதுவும் ஒரு வழக்கம்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே ஏழு பச்சைக் குழந்தைகள் தூளியில் தூங்கினதை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என் மூத்த பெண். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும். ஆனால் கண்ணால் பார்த்ததைத் தப்பாகப் பார்த்தவள் இல்லை நான்.

சண்டைக்காலம் அது. சப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்துச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பக்கமெல்லாம் வந்து, பயம் தெளிந்து திரும்பிப் போயிருந்தது. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. பட்டாபிராமில் புதுத் தண்டவாளம் போட்டார்கள், என் வீட்டுக்காரர் அங்கே வேகன் இறக்கும் வேலைக்குப் போய்விட்டார். எங்கள் ஏரிக்குக் கீழே, பருத்திப்பட்டுப் பக்கமாக இருந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, விமானம் இறங்குவதற்கு மண்ணை இடித்துச் சமன் செய்தார்கள். அதை ஒட்டி, விமானத்தில் வருகிற துரைமார் இறங்கி உட்கார்ந்து போக ஒரு கட்டடம் வேண்டும் என்றார்கள். அதற்குப் பிளான் போட ஒரு ஐயா வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம்ம ஆள்தான், பட்டணத்துக்காரர், கண்ணாடி போட்டவர். கோபம் வந்தால்கூடக் குரலை உயர்த்த மாட்டார்.

கட்டடத்துக்குக் கொடுத்த இடம் சரிவு. மேலே ஏரிக்கரை, நடுவில் இந்த இடம், கீழே விமானம் ஓடுகிற தரை. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இறக்கம் இருந்தது. ஐயா முக்காலி மேல் ஒரு குழாய்க் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். எதிரே கோடு போட்ட கோலை ஆடாமல் பிடித்து நிற்க ஒரு ஆள் வேண்டும். ஆம்பிளைகள் பிடித்தால் நாலு நிமிஷத்தில் வெற்றிலைக்கு மடியைத் தடவுவார்கள், கோல் சாய்ந்துவிடும். அங்கே சித்தாள் வேலைக்குப் போயிருந்த நான் பிடித்தால் நட்ட கல் மாதிரி நிற்கும். மூன்று நாள் பார்த்துவிட்டு, "இனிமே கோல் புடிக்க இந்த அம்மாதான்" என்று ஐயா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மற்ற சித்தாள்களுக்கு என் மேல் ஒரு புகைச்சல்.

என் மாமனார் ஊருக்குக் கம்புகட்டி. ஏரி மதகைத் திறந்து மூடி, யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணி என்று விடுகிறவரைக் கம்புகட்டி என்போம். ஏரியைப் பற்றிக் கேட்க ஐயா அவரைத்தான் வரச்சொன்னார். நான் கோலோடு பக்கத்தில் நின்றேன். ஐயா கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது.

"பெரியவரே, இந்த எடத்துல தண்ணி வருமா?"

"இங்க எங்க சாமி வருது? இது கொல்லை."

"ஏரி நிரம்பினா உபரித் தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

"கலங்கல் தாண்டி அந்தாண்ட ஓடைக்குப் பூடும் சாமி. உங்க படத்துலயே போட்டிருப்பானே, பாருங்க."

ஐயா சர்க்கார் நிலப்படத்தைப் பார்த்தார். போட்டிருந்தது. ஏரி நிரம்பினால் வழிந்துபோகக் கட்டின கல்வரிசையைக் கலங்கல் என்போம். அந்தப் படம் போட்ட காலத்தில் அவர் சொன்னது நிஜம். என் மாமனாரின் பாட்டன் காலத்திலேயே ஊர்க்காரர்கள் ஓடையைத் தூர்த்து உழுது, கலங்கல் தண்ணியை இந்தச் சரிவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரி நிரம்பி வழிகிற வருஷம், ஐயா நின்றுகொண்டிருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணி சுழித்துக்கொண்டு போகும். நாலு வருஷமாக ஏரி வழியவில்லை. காய்ந்துகிடந்ததால் பார்க்கக் கொல்லை மாதிரிதான் இருந்தது.

மாமனார் பேசும்போது மருமகள் வாய் திறக்கிற வழக்கம் இல்லை. நான் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா எழுதிக்கொண்டார்.

அஸ்திவாரத்துக்குக் கடக்கால் வெட்டினோம். ஒரு முழம் வரை தூசி. அதுக்குக் கீழே கருகருவென்று ஈரமண். மூன்றாம் நாள் மண்ணை வாரிக் கூடையில் போடும்போது, சுவரில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓட்டை பார்த்தேன். வாயில் உருண்டை உருண்டையாகச் சேறு தள்ளியிருந்தது. நண்டு வளை. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி நத்தை ஓடு, கூடை கூடையாக.

சாயங்காலம் மாமனாருக்குக் கூழ் ஊற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டேன்.

"மாமா, கடக்கால்ல நண்டு வளை கீது."

"நண்டு எங்கதான் இல்ல?"

"கொல்லையில ஏது மாமா நண்டு?"

அவர் வெங்காயத்தைக் கடித்தார். "கலங்கல் பாய்ஞ்சி நாலு வருசமாச்சி. இந்த வருசமும் பாயாது."

"பாய்ஞ்சா?"

"அடப் போம்மா. நோட்டு வெச்சிக்கினு வந்தவங்கிட்ட வரும்னு எந்தப் பயித்தியக்காரனாவது சொல்வானா? இன்னிக்கி இவன் நோட்டுல எய்துவான். நாளைக்கி வேற ஒருத்தன் வருவான். எங்க தண்ணி கீதுன்னு தெரிஞ்சா, மொதல்ல தண்ணியத்தான் எடுப்பான்." கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கட்டடம் எழும்பியது. சரிவில் இருந்தாலும் தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பது ஐயா போட்ட கணக்கு. மேல்பக்கத்து மண்ணை வெட்டி, கீழ்பக்கத்தில் கொட்டி இடித்தோம். சரிவுக்குக் குறுக்கே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே நீளமாகச் சுவர் வந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் குள்ளமாக, விமானத் தரையிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி. பட்டணத்து அழகு அதில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் கண்ணுக்கு அது வீடாகத் தெரியவில்லை. கரையாகத் தெரிந்தது. மடை இல்லாத கரை.

ஐயா அந்தக் கட்டடத்தை டெர்மினல் என்பார். எங்கள் வாயில் அது தெருமுனை ஆகிவிட்டது. எங்களோடு வேலை செய்த புகையிலைக்காரி ஒருத்தி, வாய் ஓயாதவள், தினமும் ஒன்று சொல்லுவாள்.

"ஏண்டி, தெருவே இல்ல, தெருமுனை மட்டும் கட்றாங்களே, இன்னாத்துக்கு?"

"துரைங்க வந்து எறங்கத்தான்."

"எறங்கி? முனையில நின்னு கத பேசுவானா? நம்ம ஊரு ஆம்பளைங்க கத்துக் குடுத்துட்டாங்களா அதுக்குள்ள?"

அவள் சிரித்தால் எல்லாரும் சிரிப்போம். நான் மட்டும் சிரித்துக்கொண்டே மேலே ஏரிக்கரையைப் பார்ப்பேன்.

நடு மண்டபத்துக்கு முதலில் கூரை போட்டார்கள். நிழலும் காற்றும் இருந்ததால், கைக்குழந்தைக்காரிகள் ஏழு பேரும் அங்கே ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, வரிசையாகத் தூளி போட்டோம். பழைய கலங்கல் தண்ணி சரியாக அந்த நடு மண்டபத்து வழியாகத்தான் போகும். எனக்குத் தெரியும். மூங்கிலைக் கட்டின கை என்னுடையதும்தான். அந்த ஐப்பசியில் மழை வரவில்லை என்றால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு கட்டினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் மழை வெறித்ததும் வேலைக்குப் போனோம். உச்சிப்பொழுதில் மாமனார் வந்தார். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, ஏரியைப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறார் என்று கால் சேற்றைப் பார்த்தாலே தெரிந்தது. யாரிடமும் பேசவில்லை. நடு மண்டபத்துக்குள் போனார். நான் சுண்ணாம்புச் சட்டியோடு வாசலில் நின்றேன். வரிசையாகத் தொங்கின ஏழு தூளியையும் பார்த்தார். நாலாவது எங்களுடையது, என் பழைய பச்சைச் சேலை. அதை அவிழ்த்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டில் இருந்த புங்கமரத்துக்குப் போய், கிளையில் தூளியைக் கட்டிப் படுக்க வைத்தார். என் பக்கம் திரும்பாமலே ஏரிக்கரை ஏறிப் போய்விட்டார்.

அவர் எங்கள் தூளியை மட்டும் அவிழ்த்தார்.

மண்டபத்தில் ஆறு தூளி ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இடம் காலி.

"உங்க மாமனாருக்குப் பேத்தி மேல அவ்ளோ ஆசையா?" என்றாள் புகையிலைக்காரி. "எங்க மாமனாரும் கீறாரே, புள்ள அழுதா கள்ளுக்கடைக்குப் போயிடுவாரு." அவள் பிள்ளை ஐந்தாவது தூளியில் விரல் சூப்பிக்கொண்டு தூங்கினான்.

நான் சட்டியை இறக்கி வைத்தேன். கீழ்பக்கத்தில் படிக்கட்டுக்கு வெட்டின குழி திறந்தே கிடந்தது. அதில் இறங்கி, வளையில் கையை விட்டேன். கடித்தது. கடிக்கட்டும் என்று இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வயல் நண்டு. ரத்தம் சொட்டச் சொட்ட ஐயா உட்கார்ந்திருந்த கொட்டகைக்குப் போனேன். பலகை மேல் பிளானை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். நண்டை அதன் நடுவில் விட்டேன்.

"என்னம்மா இது?"

"நண்டுங்க."

"தெரியுது. எங்கேருந்து?"

"படிக்கு வெட்டுன குழியிலேருந்துங்க."

"அதுக்கு?"

"கொல்லையில நண்டு இருக்காதுங்க."

அவருக்குப் புரியவில்லை. "ஏன், வீட்டுக் கொல்லையில நண்டு வராதா?" என்றார். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. பட்டணத்தில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்புறம். மாமனார் கொல்லை என்று சொன்னதை ஏதோ காலி மனை என்று எழுதிக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷர்.

"வானம் பாத்த நிலம் கொல்லைங்க. ஏரி பாயறது கழனி. இந்த நண்டு கழனியிலதான் வளை போடும்."

நண்டு பிளான் மேல் குறுக்கே நடந்தது. சேறு ஒரு கோடாக விழுந்தது. ஐயா அதைத் தள்ளவில்லை.

"பெரியவர் வராதுன்னாரே?"

"மாமனார் சொன்னதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கரை போட்டா மடை வெக்கணும். ஐயா கரை போட்டிருக்கீங்க. மடை எங்கன்னுதான் எனக்குத் தெரியல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோலை எடு" என்றார்.

கலங்கலிலிருந்து நடு மண்டபம் வரைக்கும் அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை அளந்தோம். ஒவ்வொரு தடவை குழாயில் பார்த்து எழுதும்போதும் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கலங்கல் கல்லின் தலை, மண்டபத்துத் தரைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் இருந்தது. நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. கடைசி முளையில் கோலைப் பிடித்து நின்றபோது, "முதல்ல அந்தக் குழந்தைங்களை மேட்டுக்குக் கொண்டு போகச் சொல்லு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே ஓடிவிட்டேன். ஏன் என்று கேட்டவளுக்கெல்லாம், "ஐயா உத்தரவு" என்றேன். கயிற்றை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை, தூளித் துணியை மட்டும் உருவிக்கொண்டு குழந்தைகளைத் தூக்கினோம்.

மறுநாளிலிருந்து கட்டினதை இடித்தோம். நடு மண்டபத்து முன்சுவர், பின்சுவர் இரண்டையும் ஐயா திறந்துவிட்டார். கொட்டி நிரப்பின மண்ணைத் திரும்பத் தோண்டி, தரையை ஆறு படி கீழே இறக்கினார். கட்டடம் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, நடுவில் கூரை மட்டும் போட்ட ஒரு நடை. வருகிறவர்கள் படி இறங்கி, நடை வழியாக விமானத்துக்குப் போகலாம். மேலதிகாரி ஒருத்தர் வந்து, யாரைக் கேட்டு இடித்தாய் என்று கூச்சல் போட்டார். "காத்தோட்டத்துக்காக" என்றார் ஐயா. மேலதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டார். நான் கல் சுமந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர் வழக்கத்தை இந்த மனுஷரும் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மாமனார் என் கையால் கூழ் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார். நாத்தனார் ஊற்றினால் குடிப்பார்.

கார்த்திகை நடுவில், விடிந்து இரண்டு நாழிகை இருக்கும். மேட்டுக் கொட்டகையில் குழந்தைகளைக் கிடத்திவிட்டுக் கூடையை எடுக்கிறோம், ஏரிப் பக்கமிருந்து ஒரு சத்தம். வண்டி வண்டியாகக் கருங்கல்லைக் கொட்டுகிற மாதிரி. கலங்கல் வழிந்துவிட்டது. புல்லைப் படுக்க வைத்துக்கொண்டு செந்தண்ணி சரிவில் வந்தது, ஓடிக்கூட வரவில்லை, தனக்குத் தெரிந்த வழியில் வருகிற மாதிரி வந்தது. கட்டடத்துக்கு நேரே வந்து, நடைக்குள் நுழைந்து, ஆறு படியையும் மூடி, அந்தப் பக்கம் விழுந்தது. இரண்டு பக்கச் சுவரும் நின்றன. கூரைக்குக் கீழே நாங்கள் கட்டின மூங்கில் இன்னும் அப்படியே இருந்தது. அவிழ்க்காமல் விட்ட தூளிக்கயிறுகள் ஆறு ஜோடி தொங்கின. தண்ணி அவற்றின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

புகையிலைக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள். தன் பிள்ளையின் தூளி தொங்கின கயிற்றைப் பார்த்தாள். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணி கட்டடத்தைத் தாண்டி விமானத் தரையில் போய் நின்றது. மூன்றாம் நாள் பெரிய துரை ஜீப்பில் வந்தார். இந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஐயா என் மாமனாரைப் பார்த்தார். மாமனார் முழங்கால் தண்ணியில் நின்றுகொண்டிருந்தார். வராது என்று அப்போது எப்படிச் சொல்வது? ஏரியைக் கை காட்டினார்.

அடுத்த வாரம் பட்டாளத்து ஆட்கள் கடப்பாறையோடு வந்து, கலங்கல் கல்லில் மேல் மூன்று வரிசையைப் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். ஏரி நிரம்பினால்தானே விமானத் தரை நனையும், இனி நிரம்பவே கூடாதாம். வெட்டின இடத்திலிருந்து ஒரு கால்வாய் தோண்டி, இருந்த தண்ணியை வேறு பக்கம் ஓடவிட்டார்கள். ஐயா வேண்டாம் என்று இங்கிலீஷில் நெடுநேரம் பேசிப் பார்த்தார். மாமனார் கரையில் குந்தி, தண்ணி மட்டம் கல் கல்லாக இறங்குவதை இரண்டு நாள் பார்த்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அப்போது என்னிடம் பேசினார்.

"நீ அந்த நண்ட எடுத்துக் குடுக்காம இருந்திருந்தா, கட்டடம் தண்ணியோட பூட்டிருக்கும். பட்டாளத்தானும் பூட்டிருப்பான். ஏரி இருந்திருக்கும்."

"புள்ளைங்க, மாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரை இறங்கிப் போனார்.

அந்தக் கட்டடத்தில் நாலைந்து மாசம் துரைமார் வந்து இறங்கினார்கள். அப்புறம் சண்டை வேறு பக்கம் போய்விட்டது, விமானமும் போய்விட்டது. வெட்டின கலங்கலை யாரும் திரும்பக் கட்டவில்லை. மறு வருஷம் ஏரி பாதிதான் நின்றது, தையிலேயே தரை தெரிந்தது. கழனி என்று நாங்கள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் வெடித்துக் கிடந்தது.

அந்தக் கோடையில் தீர்வைக் கணக்கு எழுதுகிறவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெட்டின கால்வாய்க்குப் பக்கத்தில் மாமனாருக்குப் பின்னால் நின்றேன்.

"பெரியவரே, இங்க தண்ணி வருமா?"

"வராது சாமி."

கணக்குக்காரர் சிரித்தார். "எல்லா ஊர்லயும் இதே பாட்டுதான். ரெண்டு வருஷம் முன்னாடி விமானத் தரையே மூழ்கிப்போச்சுன்னு காகிதம் வந்திருக்கு. வராதாம்!"

"இல்ல சாமி. நெசமாவே வராது."

அவர் எழுத ஆரம்பித்தார். மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். என் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வேற்று மனுஷன் முன்னால் அவர் என்னைப் பேசச் சொன்னதில்லை.

"நீ சொல்லும்மா" என்றார்.

"வராதுங்க" என்றேன்.

கணக்குக்காரர் இன்னும் பெரிசாகச் சிரித்தார். தலையை நிமிர்த்தாமலே கழனி என்று எழுதிக்கொண்டார்.